பிடரிக்கு நேரே ஒரு துளை

அரண்மனையில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. பட்டப்பெயருக்குக் காரணம் குரல். மேல்மாடியில் நின்று அவர் மூன்றாம் ராணியின் குளியலறையை விவரித்தால், கீழே பைகளை ஒப்படைக்கிற இடத்தில் நிற்பவர்களுக்கு டிக்கெட் எடுக்காமலேயே பாதி அரண்மனை தெரிந்துவிடும் என்று வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அலுத்துக்கொள்வார். அலுப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. டிக்கெட் கிழிக்கிறவரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ராஜா இல்லாத அந்த அரண்மனையை இருபத்தாறு வருஷமாகச் சுற்றிக் காட்டுவதுதான் வெண்கலத்தின் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. ஒரே வார்த்தைகள், அதே இடத்தில் அதே இருமல். அவருக்கு முன்னால் வேலை பார்த்த வழிகாட்டி ஓய்வு பெற்றபோது ஒரு பிரம்பையும் ஒரு ஜோக்கையும் விட்டுப் போயிருந்தார். பிரம்பு நாலாம் வருஷமே உடைந்துவிட்டது. ஜோக் கெட்டியாக இருந்தது.

ஜோக்குக்கான இடம் பதினோராவது அறை. அந்தப்புரத்துக்குப் போகும் வழியில் இருக்கிற காவலர் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு சுவரை ஒட்டி நீளமாகக் கல் பெஞ்சு, அதற்கு இரண்டடி மேலே சுவரில் ஒரு கை நுழைகிற அகலத்தில் நாலு துளைகள். பெஞ்சுக்கு முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, ‘உட்காரக் கூடாது’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘ஒற்றுத் துளைகள்’ என்று இன்னொரு பலகை.

அங்கே வந்ததும் வெண்கலம் குரலைத் தாழ்த்துவார். அவர் தாழ்த்தினாலே அது மற்றவர்கள் கத்துகிற அளவு இருக்கும். இங்கே காவல் இருந்தவர்கள் காயடிக்கப்பட்ட ஆண்கள் என்பார். போரில் பிடிபட்டவர்கள், வளர்ந்த ஆட்கள். கத்தி பட்டதில் பாதிப் பேர் பிழைக்கவில்லை, பிழைத்தவர்களை ராணிகளுக்குக் காவல் வைத்தார்கள் என்பார். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள், ஆண்கள் காலை நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்போதுதான் அவர் இருமுவார்.

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டவங்க கண்ணை மட்டும் விட்டுட்டாங்க. பாவம், பார்த்துக்கிட்டாவது இருக்கட்டும்னு நாலு ஓட்டை. பெஞ்சு மேல மண்டி போட்டுக்கிட்டு ராணியைப் பார்க்கறது, பெருமூச்சு விடறது. இதுதான் உத்தியோகம்.”

நல்ல ஜோக்கா என்று கேட்டால், இல்லை. ஆனால் குரல் வெண்கலமாக இருந்தால் எந்தத் தகரமும் எடுபடும். இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையில் சிரிக்காமல் போனவர்கள் குறைவு.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. படிக்கட்டு ஏறி இறங்குகிற வலி என்று நினைத்து ஆறு மாதம் தைலத்திலேயே ஓட்டினார். பிறகு சிறுநீர் போவதிலும் தகராறு வந்ததால் மனைவிக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இன்னும் சொல்லக்கூடாத இடத்திலெல்லாம் என்னென்னவோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். அந்தரங்க விஷயத்தைப் பற்றி அவர் அதுவரை எந்தப் பெண்ணிடமும் வாய் திறந்து பேசியதில்லை, கட்டிய மனைவியிடம்கூட.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், இடுப்பெலும்பிலும் ஓரிடத்தில் ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அது ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிற நோய், ஹார்மோனை நிறுத்தினால் பட்டினியில் சுருண்டுவிடும், பல வருஷம் அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். வழி இரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அல்லது இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிற ஒரு சின்ன ஆபரேஷன். பலன் ஒன்றுதான்.

வெண்கலத்தின் குரல் அன்று தகரமாக வந்தது. இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“காயடிக்கிறதுதான். ஊசின்னா மருந்தால, ஆபரேஷன்னா கத்தியால. எண்பது வருஷத்துக்கு மேலா இந்த வியாதிக்கு இதுதான் முதல் வைத்தியம்.”

அவர் அரண்மனை வழிகாட்டி என்று தெரிந்ததும் டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேறொரு தேசத்துப் பழைய அரண்மனையில் இப்படி வேலை பார்த்தவர்களை அவர்களுடைய வயதான காலத்தில் சோதித்துப் பார்த்தார்களாம். பலருக்கு இந்தச் சுரப்பி கைக்கே தட்டுப்படாத அளவு சுருங்கிப் போயிருந்ததாம். எப்பேர்ப்பட்ட தகவல் என்று டாக்டர் வியந்தார். வெண்கலம் வியக்கவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் எலும்பு தேயும், உடம்பு சூடாகும், எடை போடும், மார்பு வீங்கி வலிக்கும், ஆசை குறையும், மனசு சோர்ந்து போகும் என்று வரிசையாகச் சொன்னதில் பாதி அவர் காதில் ஏறவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி குரல் மாறுமா என்பது. மாறாது என்றார் டாக்டர். குரல் உடைவதற்கு முன்னால், சின்ன வயசில் செய்தால்தான் மெல்லிய குரல் நிற்கும். அந்தக் குரலில் பாட வைப்பதற்கென்றே ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்தார்கள் என்றும் சொன்னார். குரல் தப்பியது என்ற ஆறுதலில் வெண்கலம் சட்டையைத் தூக்கி வயிற்றில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில், இடுப்பு வலிக்குச் சத்து ஊசி என்று சொல்லிவிட்டார். மூன்றே வாரத்தில் வலி வெகுவாகக் குறைந்தது. சத்து ஊசிதானோ என்று அவருக்கே ஒரு சபலம். நாலாவது வாரம் சூடு வந்தது.

முதல் தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது மாதிரி ஒரு அனல் கிளம்பிக் கழுத்தேறிக் காது மடலைப் பிடித்தது. பிடரியில் வியர்வை கொட்டியது. ஐந்து நிமிஷத்தில் அனல் அடங்கி, ஈரச் சட்டையோடு குளிரெடுத்தது. குழம்பில் காரம் என்று பழியைத் தூக்கிச் சமையல் மேல் போட்டார். அன்று குழம்பே இல்லை, ரசம்தான். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

இங்கே அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடையும் கோட்டும் தைக்கிறவர். ஆறு வருஷத்துக்கு முன் மாதவிடாய் நின்றபோது இதே அனல் அவருக்கும் வந்தது. அப்போது நம்ம வெண்கலம் என்ன செய்தார்? பாய்லர் என்று பெயர் வைத்தார். உறவுக்காரர்கள் வந்தால் போதும், பாய்லர் ஏறிவிட்டது, ஈரத்துணி இருந்தால் பக்கத்தில் காயப் போடலாம் என்பார். அவர்களும் சிரிப்பார்கள். மிஷின் இருந்தது காற்று வராத உள்மூலையில். ஜன்னலோரம் அதை மாற்றித் தரச் சொல்லி அந்த அம்மா கேட்டார். ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு மர பீரோ நின்றது. பார்க்கலாம், அடுத்த வாரம் நகர்த்தலாம் என்றார் வெண்கலம். ஆறு வருஷத்தில் எத்தனை அடுத்த வாரம் வந்து போயிருக்கும், நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இப்போது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. எந்த வாயால் திறப்பது? டிவியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை அம்மாவைக் கட்டிக்கொண்டதைப் பார்த்து அவருக்குக் கண்ணீர் வந்தது, தூசி என்றார். மத்தியானம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை, வெயில் என்றார். ஆசை என்று ஒன்று இருந்த இடம் காலி செய்த வீடு மாதிரி இருந்தது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அரண்மனைக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு புதுக் கோட்டு. துணி கொடுத்துவிடுவார்கள், வெண்கலத்துக்கு மட்டும் வீட்டுத் தையல். மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு என்று அந்த அம்மாவுக்கு அளவு மனப்பாடம். ஆனாலும் அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கிற பழக்கம் கிடையாது. அந்த வருஷமும் அவரைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி இஞ்சு டேப்பைச் சுற்றினார். மார்பு நாற்பத்திரண்டு. இடுப்பு முப்பத்தொன்பது. மேல்கை மட்டும் ஒரு இஞ்சு குறைவு. டேப் மார்பில் அழுந்தியபோது அவர் வலியில் பின்வாங்கினார். பின்வாங்கிய அதே நொடியில் அனலும் வந்து தொலைத்தது. நெஞ்சிலிருந்து காது வரை சிவப்பு ஏறுவதை மனைவி கண்ணெதிரே பார்த்தார். சொந்தத் தெரு மாதிரி அவருக்கு அது தெரியும்.

“எத்தனை மாசமா?” என்று கேட்டார்.

விரித்த கைகளைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், அப்படியே நின்றபடி வெண்கலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நோய், எலும்பு, ஊசி, ஊசிக்கு டாக்டர் சொன்ன பெயர். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டார். போன வாரமே போட்டிருக்க வேண்டும், போகவில்லை, போகிற உத்தேசமும் இல்லை என்றார் வெண்கலம். விட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, நோய் மறுபடி கிளம்பும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று, யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த நோய் மாதிரி சொன்னார்.

“இருபத்தாறு வருஷமா அந்த ரூம்ல நின்னு அவங்களை வச்சு ஊரைச் சிரிக்க வச்சிருக்கேன். இப்ப நானே அவங்கள்ல ஒருத்தன். எப்படிடி அங்க போய் நிப்பேன்?”

அந்த அம்மா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அவருக்குப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஒரு ஜோக்குக்காக இந்த மனுஷன் உயிரை விடப் பார்க்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். பார்க்கலாம் என்றார் வெண்கலம். பீரோவுக்குச் சொன்ன அதே பார்க்கலாம்.

மறுநாள் மூன்றாவது சுற்றில் ஒரு தடித்த மனிதர் வந்திருந்தார். ஏற்கெனவே ஒருமுறை வந்து சிரித்துவிட்டுப் போனவர், இந்தத் தடவை அலுவலக நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். எட்டாவது அறையிலிருந்தே, ஒரு ஜோக் வருது பாருங்க, ஒரு ஜோக் வருது பாருங்க என்று எல்லோரையும் உலுக்கிக்கொண்டிருந்தார். பதினோராவது அறை வந்தது. போரில் பிடிபட்டவர்கள் என்று வெண்கலம் ஆரம்பித்தார். வளர்ந்த ஆட்கள் என்றார். இருமினார். இருமலோடு அனல் கிளம்பியது.

ஜன்னலில்லாத அறை, பதினைந்து பேர், மூடிய கழுத்துக் கோட்டு. கண் இருட்டியது. அவர் கை தானாகப் போய்ச் சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றியது. எத்தனையோ ஆயிரம் பேரை உட்காராதே என்று அதட்டியவர், முதல் தடவையாக அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

அவர் பிடரியில் காற்று பட்டது.

முதலில் பிரமை என்று நினைத்தார். இல்லை, காற்றேதான். மெலிதாக, நிற்காமல், வியர்த்த பிடரிக்கு மட்டும் குறி வைத்து வந்தது. கோட்டின் கழுத்துப் பித்தானைத் திறந்துவிட்டார். அனல் அடங்குகிற வரை அசையவில்லை. பிறகு மெல்லத் திரும்பி, பெஞ்சில் மண்டி போட்டு, தான் இத்தனை காலம் ஊருக்குக் காட்டிய துளைக்குள் கண்ணை வைத்தார். ராணி இல்லை. அந்தப்புரம் இல்லை. துளை சுவருக்குள் சாய்ந்து மேலே ஏறியது. கோடியில் ஒரு நாணயம் அளவு வானம் தெரிந்தது. பறக்கத் தெரிந்த ராணியாக இருந்தால் ஒழிய அந்த வழியாக எவளையும் பார்த்திருக்க முடியாது. பலகை எழுதியவரோ, ஜோக் சொல்லிக்கொடுத்தவரோ, இருபத்தாறு வருஷம் அதைச் சொன்னவரோ, ஒருத்தர்கூடக் குனிந்து பார்த்ததில்லை. கயிறு கட்டியிருந்ததே.

தடித்த மனிதர் ஜோக்கை நினைவுபடுத்தினார். இன்றைக்கு ஜோக் இல்லை என்று சொல்லி வெண்கலம் அடுத்த அறைக்கு நடந்தார். பார்வையாளர் குறிப்பேட்டில் அந்த மனிதர் எழுதிவிட்டுப் போனது: வழிகாட்டி உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அவர் மனைவிக்குப் போன் செய்து அரண்மனைக்கு வரச் சொன்னார். அந்த அம்மா அங்கே வந்ததே கிடையாது. உங்க வாயால வீட்டிலேயே முழுசா கேட்டாச்சு, அப்புறம் எதுக்கு என்பார். ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டார். கடைசிச் சுற்று முடிந்து அறை காலியாக இருந்தது. வெண்கலம் கயிற்றைக் கழற்றி, உட்கார் என்றார். அந்த அம்மா உட்கார்ந்தார், சாய்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கண்ணைத் திறந்து, எழுந்து நின்று, கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். தையல்காரிக்குக் கை சும்மா இருக்காது. பெஞ்சிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உயரம் அளந்தார். முதலாவது இருபத்தாறு இஞ்சு. இரண்டாவது இருபத்தாறரை. மூன்றாவது இருபத்தைந்தே முக்கால். நாலாவது இருபத்திரண்டு. அதை மட்டும் சரிபார்க்க மறுபடி அளந்தார்.

“இவன் குள்ளமான ஆளு” என்றார். “ஒரே மட்டத்துல நூல் பிடிச்சு ஓட்டை போடறது எவ்வளவு சுலபம். அப்படிப் போடலை. நாலு பேரையும் உட்கார வச்சு, ஒவ்வொருத்தன் கழுத்துக்கும் தனித்தனியா அளவெடுத்திருக்காங்க.”

வெண்கலம் நாலாவது துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுத்துப் போட்ட அதே அரண்மனையில் யாரோ ஒரு கொத்தன் இந்த நாலு பேருக்கும் வேர்க்கிறது என்று கவனித்திருக்கிறான். அல்லது அந்த நாலு பேரும் கேட்டு வாங்கினார்களோ என்னவோ, யார் கண்டது.

“காயடிச்ச அடிமைங்களுக்கு ஒருத்தன் கல்லைக் குடைஞ்சு காத்து விட்டிருக்கான். நான் ஒரு பீரோவை நகர்த்தச் சொன்னேன். ஆறு வருஷம்.”

அந்த அம்மா குரலை உயர்த்தாமல், அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெண்கலத்துக்குக் கண் நிறைந்தது. இந்த முறை அவர் ஊசி மேலும் பழி போடவில்லை, தூசி மேலும் போடவில்லை. ஆஸ்பத்திரி ஆறு மணி வரை இருக்கும், இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்றார்.

இரண்டாவது ஊசி அன்றைக்கே போட்டாயிற்று. டாக்டர் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னார்: தினம் நடக்க வேண்டும், சுண்ணாம்புச் சத்து மாத்திரை விடக்கூடாது, எலும்பு மெலியும், அதனால் கனமான சாமான் எதையும் தூக்கக் கூடாது. சூட்டைக் குறைக்கவும் மாத்திரை இருக்கிறது, கேட்டிருந்தால் போன தடவையே கொடுத்திருப்பேன் என்றார். இந்தத் தடவை எல்லாம் காதில் ஏறியது. கோட்டு அளவு எழுதிய சீட்டின் பின்பக்கம் மனைவி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார், ஏறாமல் எப்படி?

விடுமுறை நாளன்று பீரோவை நகர்த்த வெண்கலம் ஆள் தேட வேண்டியிருந்தது. பீரோவைத் தூக்கத் தெம்பிருந்த ஆறு வருஷமும் அடுத்த வாரத்திலேயே போய்விட்டதே. டிக்கெட் கிழிப்பவரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். வெண்கலம் ஓரமாக நின்று, இடது பக்கம், மெதுவா, கதவு இடிக்குது என்று அரண்மனைக் குரலில் வேலை வாங்கினார். பீரோ உள்மூலைக்குப் போனது, மிஷின் ஜன்னலோரம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பவர், இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன திடீரென்று என்று கேட்டார்.

“வீட்ல இப்ப ரெண்டு பாய்லர்ப்பா” என்றார் வெண்கலம்.

அவருக்குப் புரியவில்லை. வெண்கலம் உட்கார்ந்து, நோயையும் ஊசியையும் அந்த ஊசிக்கு டாக்டர் சொன்ன பெயரையும் அப்படியே சொன்னார். டிக்கெட் கிழிப்பவர் சிரிக்கத் தயாராக இருந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார். மச்சான் காலை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அறைக்குள் ஜன்னல் காற்று வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கொண்டையை உயர்த்திச் செருகிக்கொண்டு, மார்பு நாற்பத்திரண்டு என்று சாக்பீஸால் குறித்த துணியை மிஷினில் வைத்து மிதிக்க ஆரம்பித்தார்.